ரெண்டு கார்டும் ஒரு பென்சிலும்

வணக்கம். கிட்டார் கத்துக்கிறது பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. ரேடியோவுல வெரல எப்படிக் காட்டுறதுன்னு எனக்கு ஒரே யோசனை, செரி சத்தத்தையாவது காட்டுவோம்னு கிட்டாரையும் தூக்கிட்டு வந்துட்டேன். வாசல்ல இருந்த அண்ணாச்சி "என்ன, கச்சேரியா?"ன்னாரு. கச்சேரி எல்லாம் இல்ல. நாகர்கோவில் வானொலி 1984ல ஆரம்பிச்சது, நாட்டுலயே முதல் உள்ளூர் நிலையம், அதுல வந்து நான் வாசிக்கப் போறது மொத்தமே அஞ்சு கார்டு, அத நெனச்சா எனக்கே சிரிப்பு வருது.

கார்டுன்னதும் ரேஷன் கார்டு ஞாபகம் வரும், இது வேற. மூணு சுரத்த ஒண்ணா சேத்து அடிச்சா வர்ற சத்தம், அதுதான் கார்டு. பாட்டு கத்துக்கிட்டவங்களுக்குச் சொல்லணும்னா ச, க, ப மூணையும் ஒரே நேரத்துல அடிங்க, முடிஞ்சுது.

(கிட்டார் ஒலி)

இது ஈ மேஜர். கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்குல்லா? இப்ப ஆள்காட்டி வெரல மட்டும் தூக்குறேன், வேற எதையும் தொடல.

(கிட்டார் ஒலி)

பாத்தீங்களா... பாக்க முடியாதுல்லா, கேட்டீங்களா? எல்லாரும் சாப்பிட்டுக் கெளம்பிப் போன பொறவு பந்தல் கெடக்குற மாதிரி ஆயிட்டு. காந்தாரம் ஒரு அரை சுருதி எறங்குச்சு, அவ்வளவுதான், மேஜர் மைனர் ஆயிட்டு. இந்த ஈ மைனருக்கு ரெண்டே வெரலு போதும், ஆறு கம்பியையும் தாராளமா அடிக்கலாம், அதனால புதுசா வர்ற யாருக்கும் நான் மொதல்ல இதத்தான் பிடிக்கச் சொல்லுவேன்.

பிடிச்ச ஒடனே எல்லாரும் சொல்றது, "அண்ணே, வெரலு வலிக்கி." வலிக்கும். நான் கடக்கரைக்காரன், எங்கப்பா கரமடி வலை இழுத்த ஆளு. மொதல் வாரம் நான் வெரல ஊதிக்கிட்டு இருக்கத பாத்துட்டு அவரு கைய விரிச்சுக் காட்டுனாரு, உள்ளங்கை முழுக்க காய்ச்சுப் போய் பலகை மாதிரி இருந்துச்சு. "கை காய்ச்சாத்தாம்லே மடி வரும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கிட்டாருக்கும் அதேதான், தெனமும் பத்து நிமிஷம் வாசிச்சா மூணு நாலு வாரத்துல நுனி வெரலு காய்ச்சிரும். ஒரே நாள்ல ரெண்டு மணி நேரம் வாசிச்சிட்டு அடுத்த பத்து நாள் தொடாம இருந்தா காய்க்காது, கொப்புளம்தான் வரும்.

ஆனா எல்லா வலியும் ஒங்க வெரலோட தப்பு இல்ல, இத நான் அழுத்திச் சொல்லுவேன். எனக்க மொதல் கிட்டார ஒரு கடையில வாங்குனோம், கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவுல சுண்டு வெரலே போயிரும், அவ்வளவு ஒசரம். கடைக்காரரு "வாசிக்க வாசிக்க செரியாயிரும்"னாரு. ஒரு வருஷம் வாசிச்சேன், செரியாகல. கடைசியில தெரிஞ்ச ஒரு ஆசாரிதான் கம்பி எல்லாம் ஏறி உக்காந்திருக்கிற அந்த சின்ன வெள்ளக் கட்டைய உருவி அடியில ராவிக் கொடுத்தாரு, மறுநாளே பாதி வலி இல்ல. அதுக்கு மேல, கழுத்துல குறுக்க குறுக்க இரும்புக் கோடு இருக்கும்ல, ஃப்ரெட்டுன்னு சொல்லுவாங்க, வெரலு அந்தக் கோட்ட ஒட்டி பின்னால இருக்கணும், நடுவுல அமுத்துனா எவ்வளவு அமுத்துனாலும் கொர்ருன்னுதான் வரும். நம்ம ஊரு உப்புக் காத்துக்கு கம்பி வேற சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசிச்சு முடிச்சா பழைய சாரத் துணியில ஒரு துடை துடைச்சு வையுங்க.

செரி, இப்ப நான் உண்மையில சொல்ல வந்த விஷயம். பிள்ளைங்க ஃபோன்ல பாத்துட்டு "அண்ணே எனக்கு இருவது கார்டு தெரியும்"னு வருவாங்க. செரி மக்கா, ஏ மைனர்ல இருந்து சி போன்னா, அங்க கை நிக்கும், கண்ணு வெரல தேடும், வெரலு கம்பிய தேடும், அதுக்குள்ள பாட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். கார்டு தெரிஞ்சிருக்கு, மாத்தத் தெரியல. இந்த ஏ மைனர், சி ரெண்டுலயும் ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் ஒரே எடம், மோதிர வெரலு மட்டும்தான் நகரணும்.

(கிட்டார் ஒலி)

நிறைய பேரு மூணு வெரலையும் தூக்கிட்டு மறுபடியும் மொதல்ல இருந்து வைப்பாங்க, ஏன்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது. எது நகர வேண்டாமோ அத விட்ருங்க. கடிகாரத்த வச்சு ஒரு நிமிஷத்துல எத்தன தடவ மாறுதுன்னு எண்ணுங்க, பத்துல ஆரம்பிக்கும், பொறவு பையப் பைய கூடும். மாத்தும்போது வலது கை நிக்கக்கூடாது. எடது கை தப்புனா தப்பட்டும், வலது கை நிக்கக்கூடாது.

இது எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் கேரல்லதான் வெளங்குச்சு. அப்ப பத்தாங்கிளாஸ். டிசம்பர் மாசம் ராத்திரி கோயில்ல இருந்து கெளம்பி வீடு வீடா போவோம், தாத்தா வேஷம் போட்ட ஒருத்தரு, ஒரு டிரம்மு, தோள்ல ஆர்மோனியத்த தொங்கவிட்ட ஒரு அண்ணன், அப்புறம் நானு. எனக்கு ஜி, சி, டி மூணுதான் தெரியும், பாட்ட ஜி-லயே பழகியிருந்தோம். மொத ரெண்டு வீடு நல்லபடியா போச்சு. மூணாவது வீட்டுல கட்டன் சாயாவும் முந்திரிக்கொத்தும் குடுத்தாங்க, ஆர்மோனியக்கார அண்ணன் பெட்டிய எறக்கி வச்சிட்டு திங்க உக்காந்துட்டாரு. எங்க கூட வந்த பெரியம்மா ஒண்ணு உண்டு, அவங்களுக்கு சுருதி யாரும் குடுக்க வேண்டாம், அவங்களா எடுத்துருவாங்க, அன்னைக்கு அரை சுருதி மேல எடுத்துட்டாங்க. நான் ஜி அடிக்கேன், நாய் கொலைக்கி, வீட்டுக்காரங்க சிரிக்காங்க. நான் நிப்பாட்டப் போனேன், அந்த அண்ணன் வாயில முந்திரிக்கொத்தோட கத்துறாரு, "லேய் மக்கா, நிப்பாட்டாத, கைய ஆட்டு!" கம்பிய அமுத்தாம எடது கைய சும்மா மேல போட்டுட்டு வலது கைய மட்டும் ஆட்டுனேன், சக்கு சக்குன்னு தாளம் மாதிரி வந்துச்சு. "தம்பி நல்லா வாசிக்கானே"ன்னு வெளிய ஒரு தாத்தா சொன்னாரு!

அடுத்த வீட்டுக்குப் போற வழியில அண்ணன் ஒரு பயலோட பென்சிலையும் ரெண்டு ரப்பர் பேண்டையும் வாங்கி, மொதல் ஃப்ரெட்டுக்கிட்ட ஆறு கம்பி மேலயும் பென்சில குறுக்க வச்சு, கழுத்துக்குப் பின்னால சுத்தி இறுக்கிக் கட்டுனாரு. ஒரு ஃப்ரெட்டுன்னா அரை சுருதி, அவ்வளவுதான் கணக்கு. அதே ஜி, அதே வெரலு, பெரியம்மா சுருதியில போய் உக்காந்துட்டு. இதுக்குன்னே காப்போன்னு ஒரு கிளிப்பு கடையில விக்கும், அது அப்ப எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது, அவங்க அடுத்த வீட்டுலயும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெரல காட்டுறாங்க, ஒரு நிமிஷமாம். எஃப் கார்டுக்குன்னு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி வச்சிருந்தேன், போச்சு. செரி, வேகமா சொல்லிருதேன். ஆறு கம்பியையும் ஒத்த வெரலால அமுத்துற அந்தப் பெரிய எஃப்ப இப்ப விட்ருங்க, அதுல பயந்துதான் பாதி பேரு கிட்டார பரண்ல போட்டாங்க. சி பிடிச்ச கையோட நடு வெரலையும் மோதிர வெரலையும் ஒவ்வொரு கம்பி கீழ, மெல்லிசு பக்கமா எறக்குங்க, ஆள்காட்டி வெரலு அங்கேயே இருக்கட்டும், தடிச்ச ரெண்டு கம்பிய அடிக்காம மத்த நாலையும் அடிங்க. முழு எஃப் இல்ல, பாட்டுக்குப் போதும்.

(கிட்டார் ஒலி)

இதுதான். வணக்கம்.