போர்ட்லெட் எழுதுறீங்களா? அந்தப் பேஜ் உங்களோடது மட்டும் இல்ல

வணக்கம் நண்பர்களே. ஒரு போர்ட்டல் பேஜ மனசுல கொண்டு வாங்க. ஒரு ஓரத்துல லீவ் அப்ளை பண்ற பெட்டி, பக்கத்துல அறிவிப்பு, கீழ காலண்டர்... பாக்குறவங்களுக்கு அது ஒரே பேஜ் தான், ஆனா உள்ள ஒவ்வொரு பெட்டியும் தனி சாஃப்ட்வேர், ஒவ்வொண்ணையும் வேற வேற டீம் எழுதியிருக்கலாம். ஜாவா பக்கம் இதுக்குப் பேரு போர்ட்லெட்.

முன்னாடி ஒவ்வொரு போர்ட்டலுக்கும் தனி ஏபிஐ (போர்ட்டலோட நம்ம கோட் பேசுற முறை), ஒண்ணுக்கு எழுதுனத இன்னொண்ணுல போட முடியாது. 2003ல ஜேஎஸ்ஆர் 168ங்குற ஜாவா விதித்தொகுப்பு வந்து அதுக்கு ஒரு பொது ஸ்டாண்டர்ட் குடுத்துச்சு, அப்புறம் 2008ல ஜேஎஸ்ஆர் 286, 2017ல ஜேஎஸ்ஆர் 362. வரலாறு இவ்ளோ போதும்.

(ஸ்கிரீன்ல: நாலு பெட்டி இருக்குற பேஜ்)

இப்ப நல்லா கவனிங்க. போர்ட்லெட் முழு பேஜத் தராது, ஒரு துண்டு எச்டிஎம்எல் தான் தரும். அதனால அதுக்குள்ள ஹெட், பாடி டேக் எல்லாம் வரவே கூடாது, அத போர்ட்டல் போட்டுக்கும். நீங்க ஒரு பட்டனுக்கு "சேவ்"னு ஐடி வச்சா, பக்கத்துப் பெட்டிக்காரரும் அதே பேரு வச்சிருந்தா உங்க ஜாவாஸ்கிரிப்ட் அவரு பட்டனப் போய்ப் பிடிக்கும். இதுக்குத்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனி முன்னொட்டு தர்ற நேம்ஸ்பேஸ் டேக் இருக்கு, ஐடி, ஃபங்ஷன் பேரு எல்லாத்துக்கும் முன்னாடி அதப் போட்ருங்க. உங்க போர்ட்லெட்டையே ஒரே பேஜ்ல ரெண்டு தடவ போட்டாலும் அப்ப இடிக்காது.

அடுத்தது தான் நெறைய பேரு வழுக்குற இடம். நானும் இதுல மாட்டியிருக்கேன்.

போர்ட்லெட்டுக்கு ஆக்‌ஷன், ரெண்டர்னு முக்கியமா ரெண்டு கட்டம் உண்டு, முதல்ல கேட்ட வேலையச் செய்யுறது, அடுத்தது பெட்டிய வரைஞ்சு காட்டுறது. யூசர் உங்க ஃபார்ம சப்மிட் பண்ணா உங்க ஆக்‌ஷன் மட்டும் ஒரு தடவ ஓடும், அது முடிஞ்சதும் அந்த பேஜ்ல இருக்குற எல்லாரோட ரெண்டரும் ஓடும். அதாவது யாரோ காலண்டர்ல அடுத்த மாசத்த அமுக்குனாலும் உங்க ரெண்டர் திரும்ப ஓடலாம், கேஷ்ல முன்னாடி எடுத்து வச்ச காப்பி இருந்தா ஓடாமயும் போகலாம், எத்தனை தடவங்குறது நம்ம கையில இல்ல. நான் ஒரு தடவ டேட்டாபேஸ்ல எழுதுற வேலைய ரெண்டர்ல வச்சுட்டேன், பக்கத்துப் பெட்டிய யாரு தொட்டாலும் என் டேபிள்ல ஒரு வரி கூடிட்டே போச்சு, காரணம் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. அதனால எதையாவது மாத்துற வேலைன்னா ஆக்‌ஷன்ல வைங்க, ரெண்டர் காட்டுறதுக்கு மட்டும் தான்.

சரி, காலண்டர்ல தேதிய செலக்ட் பண்ணா லீவ் பெட்டிக்கு எப்படித் தெரியும்? நேரா அதோட கிளாஸ கூப்பிடாதீங்க, அப்படிப் பண்ணா ஒண்ண எடுத்தா இன்னொண்ணு உடையும். ஜேஎஸ்ஆர் 286ல ஈவென்ட் வந்துச்சு, காலண்டர் "தேதி மாறிச்சு"ன்னு சொல்லிட்டு விட்ரும், வேணுங்குறவங்க கேட்டுக்குவாங்க. அந்தப் பெட்டி பேஜ்ல இல்லைன்னாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இது தான்.

(ஸ்கிரீன்ல: ஒரே போர்ட்லெட் ரெண்டு தடவ)

முடிச்சதும் உங்க போர்ட்லெட்ட ஒரே பேஜ்ல ரெண்டு தடவ போடுங்க, ஒண்ணுல ஃபார்ம சப்மிட் பண்ணிட்டு இன்னொண்ணுல என்ன மாறுதுன்னு பாருங்க, அப்புறம் வேற பெட்டிய பத்து தடவ அமுக்கிட்டு டேட்டாபேஸத் திறந்து எத்தனை வரி இருக்குன்னு எண்ணுங்க.