காம்ப்ரமியில் எழுதாததை வாசிப்பது: ஜெஸ்ஸப் மூட் கோர்ட் பற்றி

வணக்கம். சட்டக் கல்லூரிகளில் பன்னாட்டுச் சட்டம் என்ற பெயரில் ஆண்டு முழுவதும் ஏதேதோ நடக்கின்றன, அவற்றில் எதற்கு நேரம் ஒதுக்குவது என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். இன்று அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் சிறப்புரைகள். ஓய்வு பெற்ற தூதரோ வெளிநாட்டுப் பேராசிரியரோ வருவார். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து அவர் ஒலிவாங்கியின் முன் வருவதற்குள் அரை மணி நேரம் கரைந்திருக்கும். கேள்வி நேரம் தொடங்கும்போது கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது வாசித்துவிட்டுப் போங்கள். வார இறுதிச் சான்றிதழ் வகுப்புகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. ஐந்தாண்டுப் படிப்பில் ஒரு சட்ட ஆவணத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது, மாணவர்கள் வழக்கறிஞர்களாக நின்று கற்பனை வழக்கில் வாதாடும் ஜெஸ்ஸப் மூட் கோர்ட் போட்டி ஒன்றுதான்.

இந்தப் போட்டி 1960ஆம் ஆண்டு ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் அந்தப் பள்ளியின் மாணவர்களுக்குள்ளேயே தொடங்கியது. முதல் வழக்கு, கியூபா நிலச்சீர்திருத்தம் செய்து வெளிநாட்டார் நிலங்களை எடுத்துக்கொண்டதைப் பற்றியது. அந்தச் சட்டம் வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. வழக்கை எழுதியவர் அப்போது அங்கே இளம் ஆசிரியராக இருந்த ஸ்டீபன் ஷ்வேபல். பின்னாளில் அவர் ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாகி, 1997 முதல் 2000 வரை அதன் தலைவராகவும் இருந்தார். இப்போது ஏறத்தாழ நூறு நாடுகளிலிருந்து சட்டப் பள்ளிகள் அணிகளை அனுப்புகின்றன. நாட்டளவில் தகுதிச் சுற்றுகள் நடந்து, வென்ற அணிகள் வாஷிங்டனில் கூடுகின்றன. பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி 1999லும் 2013லும் கோப்பையை வென்றிருக்கிறது.

போட்டிக்குப் பெயர் கொடுத்த பிலிப் ஜெஸ்ஸப் யார் என்பதைப் பங்கேற்கும் மாணவர்களே பெரும்பாலும் விசாரிப்பதில்லை. அவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1961 முதல் 1970 வரை பன்னாட்டு நீதிமன்ற நீதிபதி. ஆனால் நான் சொல்லவிருக்கும் செய்தி அதற்கு முந்தையது. 1948இல் சோவியத் ஒன்றியம் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தது. ஜெர்மனியில் மேற்கு நாடுகளின் கட்டுப்பாட்டில் இருந்த வலயங்களில் கொண்டுவரப்பட்ட புதிய நாணயத்தை அது பெரும் காரணமாகச் சொல்லிவந்தது. 1949 ஜனவரி இறுதியில் ஓர் அமெரிக்கச் செய்தியாளர் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு ஸ்டாலின் விடையளித்தார், அந்த விடையில் நாணயம் என்ற சொல்லே இல்லை. பிப்ரவரி 15 அன்று, ஐக்கிய நாடுகள் அவையின் பிரதிநிதிகள் ஓய்வறையில், சோவியத் பிரதிநிதி யாக்கோப் மாலிக்கிடம், அமெரிக்கத் தரப்பில் இருந்த ஜெஸ்ஸப் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்து, அந்தச் சொல் விடுபட்டது தற்செயலா என்று கேட்டார். மாலிக் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். சரியாக ஒரு மாதம் கழித்து வந்த விடை: தற்செயல் அன்று. பேச்சு அங்கிருந்து வளர்ந்து, மே 12 அன்று முற்றுகை விலக்கப்பட்டது.

ஒரு விடையில் என்ன இல்லை என்று பார்த்தவரின் பெயரை இந்தப் போட்டிக்கு வைத்தது எவ்வளவு பொருத்தம் என்பது காம்ப்ரமியைக் கையில் எடுக்கும்போதுதான் தெரியும். காம்ப்ரமி என்பது இரண்டு நாடுகள் தங்கள் தகராறைப் பன்னாட்டு நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் சிறப்பு உடன்படிக்கை. போட்டியில் அந்த நாடுகள் கற்பனை நாடுகள். ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் எண்ணிட்ட பத்திகளாக அது வெளியாகிறது. பொதுவாக நான்கு கேள்விகள் இருக்கும், ஒரே அணி இரு நாடுகளுக்காகவும் எழுத வேண்டும், இரு நாடுகளுக்காகவும் வாதாட வேண்டும். காலையில் நீங்கள் அநியாயம் என்று முழங்கியதையே மாலையில் உரிமை என்று நிலைநாட்ட வேண்டியிருக்கும். இது நேர்மையற்ற பயிற்சி என்று என் அப்பா ஒருமுறை சொன்னார்; எதிர்த்தரப்பின் சிறந்த வாதத்தை எழுதிப் பார்க்காதவர் தன் தரப்பையே புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் நான் அவருக்குச் சொன்ன பதில், அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

காம்ப்ரமியை எழுதுபவர்கள் வேண்டுமென்றே இடைவெளிகளை விடுகிறார்கள். ஒரு நாட்டின் அமைச்சர் கடிதம் அனுப்பினார் என்று பதினேழாம் பத்தியில் இருக்கும். மறுபக்கம் பதில் அனுப்பியதா என்று எங்குமே இருக்காது. புதிதாக வருபவர் அதைக் குறையாக நினைத்துத் தானே நிரப்பிவிடுவார். எங்கள் தகுதிச் சுற்றில் நான் செய்ததும் அதுவே. எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தை மறுத்துவிட்டது என்று நான் சொன்னபோது, நடுவில் அமர்ந்திருந்த நீதிபதி தலையை நிமிர்த்தாமலே, எந்தப் பத்தி என்று கேட்டார். நான் தாள்களைப் புரட்டினேன். இல்லாத பத்தியை எவ்வளவு நேரம்தான் தேட முடியும்? என் நேரத்தில் இரண்டு நிமிடங்கள் அப்படியே போயின.

அன்று நான் செய்திருக்க வேண்டியது, பதில் இல்லை என்பதையே வாதமாக்குவது. மௌனம் சம்மதம் என்று நாம் சொல்கிறோம். பன்னாட்டுச் சட்டம் அவ்வளவு எளிதாக அதை ஏற்பதில்லை. இதற்கு உண்மையான வழக்கு ஒன்றை வாசியுங்கள் என்று என்னிடம் வரும் இளையோர் எல்லோருக்கும் சொல்கிறேன்: 2008 மே 23 அன்று தீர்ப்பான மலேசியா, சிங்கப்பூர் வழக்கு. வழக்கின் தலைப்பில் இரு நாடுகளின் பெயர்களுக்கு நடுவே ஒரு சாய்கோடு மட்டும் இருக்கும், ஏனென்றால் 2003இல் செய்துகொண்ட சிறப்பு உடன்படிக்கையின்படி இருவரும் சேர்ந்து வந்தார்கள். வழக்குத் தொடுத்தவர், எதிர்வழக்காடுபவர் என்ற பிரிவு இல்லை. கற்பனைக் காம்ப்ரமிக்கு நிஜத்தில் இதைவிட நல்ல துணை இல்லை.

தகராறு ஒரு பாறைத் தீவைப் பற்றியது. சிங்கப்பூர் அதைப் பெட்ரா பிராங்கா என்கிறது, மலேசியா புலாவ் பத்து புத்தே என்கிறது. ஒன்று போர்த்துகீசியம், மற்றது மலாய், இரண்டுக்கும் பொருள் வெள்ளைப் பாறைதான். நீளம் 137 மீட்டர். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், 1850க்கும் 1851க்கும் இடையே கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைத் தாங்கி நிற்கிறது. தீவு முதலில், இன்று மலேசியாவின் ஒரு மாநிலமாக உள்ள ஜோகூரின் சுல்தானகத்துக்கே உரியது என்று நீதிமன்றம் ஏற்றது. அப்படியிருந்தும் 1980க்குள் உரிமை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்று 12க்கு 4 என்ற கணக்கில் தீர்த்தது.

எப்படி மாறியது? 1953 ஜூனில் சிங்கப்பூரின் காலனி நிர்வாகம் அந்தப் பாறையின் நிலை என்ன என்று ஜோகூரை விசாரித்தது. செப்டம்பர் 21 அன்று ஜோகூரின் தற்காலிகச் செயலாளர் அனுப்பிய பதில், பெட்ரா பிராங்காவின் உடைமையை ஜோகூர் அரசு கோரவில்லை என்றது. மலேசியாவின் வழக்கறிஞர்கள் அந்த ஒரு வரியோடு எப்படிப் போராடினார்கள் என்று பாருங்கள்: அந்த அதிகாரிக்கு அப்படி எழுத அதிகாரம் இல்லை, உடைமை வேறு இறையாண்மை வேறு. மூட் மாணவன் ஒருவனுக்கு இவை இரண்டும் பாடம், நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை என்பது மூன்றாவது பாடம். அதன்பின் சிங்கப்பூர் அங்கே அரசு நடத்துவதுபோல் நடந்துகொண்டபோது மறுபக்கம் எதிர்ப்புத் தெரிவிக்காததை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. மௌனமும் பேசலாம், ஆனால் மறுபக்கத்தின் நடத்தை ஒரு பதிலைக் கோரும்போது மட்டுமே என்று தீர்ப்பின் 121ஆம் பத்தி சொல்கிறது. என் பழமொழியில் இல்லாத நிபந்தனை அதுதான். அந்த வழக்கில் சிங்கப்பூருக்காக ஹேக் நகரில் பேசியவர்களில் ஒருவர் எஸ். ஜெயக்குமார், அமைச்சராவதற்கு முன் அவர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகச் சட்டத் துறையின் தலைவராக இருந்தவர்.

இனி வேலை நடக்கும் விதம். அணியில் குறைந்தது இருவர், அதிகம் ஐவர். பயிற்றுநர் பொதுவான வழிகாட்டல் தரலாம், ஆராய்ச்சியும் எழுத்தும் மாணவர்களுடையதாகவே இருக்க வேண்டும். ஜனவரியில் தரப்புக்கு ஒன்றாக இரண்டு மெமோரியல்கள், அதாவது எழுத்து வடிவ வாதங்கள், ஒப்படைக்க வேண்டும், அட்டையில் கல்லூரிப் பெயர் இருக்காது, அணி எண் மட்டுமே. சொல் எல்லையைத் தாண்டினால் மதிப்பெண் குறையும். அரங்கில் ஒரு தரப்புக்கு மொத்தம் 45 நிமிடங்கள், இரண்டு பேச்சாளர்களும் மறுப்புரையும் அதற்குள் அடங்க வேண்டும். கோட்டு, டை, கைதட்டல் எல்லாம் இந்த 45 நிமிடங்களுக்குத்தான் கிடைக்கின்றன. என் கருத்தில் கற்றல் முழுவதும் மெமோரியலில்தான் நடக்கிறது, பெயர் தெரியாமல் நூலகத்தில் அமர்ந்து அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கும் ரிசர்ச்சர்தான் அணியிலேயே அதிகம் கற்றுக்கொள்பவர். பேச்சாளர் இடம் கிடைக்கவில்லை என்று வருந்தி எழுதிய தம்பிக்கு இதைத்தான் சொல்கிறேன்.

பணம் இல்லாத கல்லூரி என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். தகுதிச் சுற்றுக்குப் போக முடியாவிட்டாலும் காம்ப்ரமி பொதுவெளியில் கிடைக்கிறது, பன்னாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகளும் வழக்குரைகளும் அதன் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. நான்கு பேரும் ஒரு வகுப்பறையும் போதும்.

அதற்கு ஒரு பயிற்சி தருகிறேன். நான் சொன்ன தீர்ப்பில் மூன்று இடங்கள் இருந்தன. பாறை சிங்கப்பூருக்கு, அருகிலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு. அலை வடியும்போது மட்டும் தலைகாட்டும் சவுத் லெட்ஜ், அது எந்த நாட்டின் கடல் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு. எந்த நாடு என்று நீதிமன்றம் சொல்லவில்லை, ஏனென்றால் கடல் எல்லையைப் பிரித்துத் தருமாறு அதனிடம் யாரும் கேட்கவில்லை. இருவர் மலேசியாவுக்காகவும் இருவர் சிங்கப்பூருக்காகவும் நின்று, சவுத் லெட்ஜ் யாருடையது என்று ஆளுக்குப் பதினைந்து நிமிடங்கள் வாதாடுங்கள், பிறகு இடம் மாறி மறுபடியும் வாதாடுங்கள். ஒலிப்பதிவை அனுப்புகிறவர்களின் வாதங்களை அடுத்த காணொளியில் பத்தி பத்தியாகக் கேட்போம். எந்தப் பத்தி என்று நான் கேட்பேன்.