பால்கனிக்காரனுக்கும் முகம் தெரியணும்

(தலைப்பு: மேடை இசை நாடகத்தின் முழுச் சுவை கிடைப்பது அரங்கத்திலா, வீட்டுத் திரையிலா? ‘வீட்டுத் திரையிலே’ அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, அரங்கத்துக்காக அழாத குறையாப் பேசிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி அண்ணன், அக்கா, அவையில இருக்கிற பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

அண்ணன் என்ன சொன்னாரு? “அரங்கத்துல உட்கார்ந்தா நடிகன் மூச்சு விடுறதுகூட நமக்குக் கேக்கும்”னாரு. நல்லாக் கை தட்டுனீங்க. எந்த வரிசையில உட்கார்ந்தா கேக்கும்னு சொன்னாரா? அந்த இடத்துல மட்டும் நைசா நழுவிட்டாரு.

பொதுவாப் பேச வேண்டாம், ஒரு நாடகத்தை எடுத்துக்குவோம். ‘ஹாமில்டன்’. அமெரிக்காவோட பத்து டாலர் நோட்டுல முகம் இருக்கே, அந்த அலெக்ஸாண்டர் ஹாமில்டன் கதை. லின்-மானுவேல் மிராண்டா எழுதி, இசையமைச்சு, தானே நாயகனாவும் நடிச்சாரு. 2015 ஆகஸ்ட்டுல, நியூயார்க்கோட பெரிய நாடக அரங்கங்கள் இருக்கிற பிராட்வேயில, ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டருக்கு வந்துச்சு. அங்க மொத்தமே ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம் இருக்கைதான். 2016-ல உசந்த இருக்கைக்கு வச்ச விலை 849 டாலர்! முன்வரிசையில கொஞ்சம் இடத்தைப் பத்து டாலருக்கும் கொடுத்தாங்க, மறுக்கல. ஆனா குலுக்கல்ல பேர் விழணும். திருப்பதியிலகூட வரிசையில நின்னா என்னைக்காவது சாமி தெரியும் ஐயா, இங்க அதுக்கும் உத்தரவாதம் இல்ல.

சரி, இடம் கிடைச்சிருச்சு, கடைசி வரிசை பால்கனி. இங்கிலாந்தோட மூணாம் ஜார்ஜ் மன்னர் வர்றாரு. ஜோனதன் கிராஃப் நடிச்சாரு. மேடையில இருக்கிறது சில நிமிஷம்தான், ஆடல, ஓடல, நின்ன இடத்துல நின்னு பாடுறாரு. கைவிட்டுப் போன அமெரிக்கக் காலனியைப் பார்த்து, கோபிச்சுக்கிட்டுப் போன காதலியைக் கூப்பிடுற மாதிரி கொஞ்சுறாரு, கொஞ்சிக்கிட்டே கொன்னுடுவேங்கிறாரு. இந்த மேடை நாடகத்தையே 2016-ல படம்பிடிச்சு வச்சிருக்காங்க, அந்தப் பதிவுல கேமரா அவர் முகத்துக்குக் கிட்டப் போய் நிக்குது. பாடப் பாட வாயிலிருந்து எச்சில் தெறிக்குது, உதட்டுல தங்குது, மோவாயில வழியுது. மனுஷன் துடைக்கல, கேமராவும் நகரல. சிரிப்பு வருது, கொஞ்ச நேரத்துல பயமும் வருது. இந்த ராஜாவுக்கு மண்டை கலங்கிருச்சுன்னு அந்த எச்சில் சொல்லுது! பால்கனியில இருந்தவருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? கிரீடம் வச்ச ஒரு சிவப்புப் புள்ளி. இந்த லட்சணத்துல மூச்சு கேக்குமாம்.

அடுத்து அக்கா. “கேமரா காட்டுறதைத்தான் பார்க்கணும், நம்ம கண்ணுக்குச் சுதந்திரம் இல்லை”ன்னாங்க. நல்ல வாதம், பாதியை ஒப்புக்கிறேன். அந்த மேடையோட நடுப்பகுதி வட்டமாச் சுழலும். அது சுத்தச் சுத்த மூலைக்கு மூலை துணை நடிகர்கள் ஏதோ செஞ்சுக்கிட்டே இருப்பாங்க. கிட்டக் காட்டும்போது அதெல்லாம் வெட்டுப்படுது, நிஜந்தான். ஆனா அக்கா, அரங்கத்துல உங்க கண்ணை யாரும் கட்டலையா? டிக்கெட் விலை கட்டுது. தூணும், முன்னாடி உட்கார்ந்த நெட்டை மனுஷனும் கட்டுறாங்க. கேமராவையாவது தாமஸ் கெய்ல்ங்கிற, நாடகத்தையே இயக்கின ஆளு வச்சாரு. 2016 ஜூன்ல, சனங்க முன்னாடி நடந்த ரெண்டு காட்சியை அப்படியே எடுத்தாரு. அதோட காலி அரங்கத்துல கேமராவை மேடைக்கே ஏத்திக் கிட்டக் காட்சிகளை எடுத்தாரு. எந்த இடத்துல எந்த முகம் முக்கியம்னு அவருக்குத் தெரியாதா?

விட்டுப்போனதைத் திரும்பப் பிடிக்கவும் வழி இருக்கு. கடைசியில ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு சுடுற சண்டையில துப்பாக்கி வெடிக்கும். காலம் உறைஞ்ச மாதிரி எல்லாம் மெதுவாகும். ஒரு துணை நடிகை, அரியானா டிபோஸ், விரல் நுனியில அந்தக் குண்டைப் பிடிச்ச மாதிரி ஹாமில்டனை நோக்கி வருவாங்க. அந்தம்மாவே குண்டு! அதே ஆள்தான் முதல் பாதியில உளவாளியா வந்து கழுத்து முறிஞ்சு சாகுறாங்க. முதல் தடவை யார் கவனிப்பா? முடிஞ்சதும் ரிமோட்டை எடுத்துத் திருப்பி ஓட்டினா, அட, இங்க நிக்கிறாங்களே, அங்க நிக்கிறாங்களேன்னு தெரியும். அரங்கத்துல “ஐயா, அந்தச் சீனை இன்னொரு தடவை”ன்னு எழுந்து நின்னா தோளைப் பிடிச்சு வெளிய விட்டுருவாங்க.

பாட்டு வரிக்கு வருவோம். நாடகத்துல நிறைய ராப், அதாவது தாளத்தோட படபடன்னு பேசுற பாட்டு. மொத்தம் இருபதாயிரம் சொல்லுக்கு மேல. அமெரிக்கா பக்கம் நின்னு போராடுன பிரெஞ்சுக்காரர் லாஃபயெட்டா வர்ற டவீட் டிக்ஸ் ஓரிடத்துல விநாடிக்கு ஆறு சொல்லுக்கு மேல கொட்டுறாரு, அதுவும் பிரெஞ்சு வாடையோட. நம்ம காதுல பாதிதான் விழும். வீட்டுல சப்டைட்டில் இருக்கு, நிறுத்தி வாசிக்கலாம்.

“வீட்டுல குக்கர் விசில் அடிக்கும், கூரியர்காரர் பெல் அடிப்பாரு”ன்னு கிண்டல் பண்ணாங்க. அடிக்கட்டும்! அந்தப் படத்துலயே நடுவுல ஒரு நிமிஷம் இடைவேளை விட்டு, கடிகாரம் ஓட விட்டிருக்காங்க. ஒரு நிமிஷத்துல காபி போட முடியாதுதான். அதுக்குத்தான் ‘பாஸ்’ பொத்தான் இருக்கே.

கூட்டத்தோட பார்க்கிற சுகம் பத்தியும் பேசினாங்க. ‘வந்தேறிங்க நாங்க, வேலையை முடிச்சுக் காட்டுவோம்’னு பொருள்பட ஒரு வரி. ஹாமில்டனும் லாஃபயெட்டும் கை தட்டிக்குவாங்க. பதிவுல அரங்கமே ஆர்ப்பரிக்கிறது கேக்கும். 2016-ல நியூயார்க்காரங்க போட்ட சத்தம் அது. நம்ம கூடத்துலயும் கேக்குது.

இப்ப முக்கியமான விஷயம். நியூயார்க் பொது நூலகத்துல மேடை நாடகங்களைப் படம்பிடிச்சு வைக்கிற காப்பகம் 1970-லயே வந்தாச்சு. ஆனா ஆராய்ச்சிக்காரங்க நேர்ல போய், அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்கணும். எடுத்து வைக்கணும்னு தெரிஞ்சிருக்கு, சாமானியனுக்குக் காட்டணும்னுதான் தோணல. நம்ம பக்கம் இன்னும் மோசம். நாடக மேடையில பாடி நடிச்ச எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல போனாரு, முப்பது வயசு ஆகல. இசைத்தட்டுல குரல் இருக்கு. வள்ளி திருமணத்துல அவர் எப்படி நின்னாரு, எந்தப் பக்கம் திரும்பினாரு? பார்த்தவங்களோடயே அது போயிருச்சு. இதையும் நேர்ல பார்த்தவங்க கொடுத்து வச்சவங்கன்னு சொல்லிட்டு விட்டுரலாமா அண்ணே?

2020 மார்ச் 12-ல பிராட்வே மொத்தமும் இழுத்துப் பூட்டினாங்க. அடுத்த வருஷம் அக்டோபர்ல சினிமாக் கொட்டகைக்குன்னு வச்சிருந்த பதிவை முன்னாடி இழுத்து, 2020 ஜூலை 3-ல டிஸ்னி பிளஸ்ல விட்டாங்க. “வீட்டுலயே காட்டினா அரங்கம் ஈ ஓட்டும்”னு அண்ணன் பயப்படுறாரு. ஓட்டுச்சா? 2021 செப்டம்பர்ல அரங்கம் திறந்துச்சு, பத்தாவது ஆண்டையும் தாண்டி ஓடுது. அஞ்சு வருஷமா வீட்டுல கிடைச்ச அதே பதிவை 2025 செப்டம்பர்ல கொட்டகையில போட்டாங்க, அதுக்கும் காசு கொடுத்துப் போனாங்க.

அண்ணன் நாளைக்கே விமானம் ஏறட்டும். அரங்கம் இருக்கும், நாடகமும் இருக்கும். ஆனா மிராண்டா, ஹாமில்டன் மனைவியா நடிச்ச ஃபிலிப்பா சூ, கிராஃப், டிக்ஸ்னு அந்த 2016 குழு முழுசா இருக்காது. அது திரையில மட்டும்தான்.

நடுவர் ஐயா மணியில கை வச்சுட்டாரு. தீர்ப்புக்கு முன்னாடி ஒரே ஒரு விண்ணப்பம். எங்க அணி மூணு பேருக்கும் அமெரிக்க விசா, விமான டிக்கெட், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ்ல முன்வரிசை இருக்கை, மூணையும் எதிரணி செலவுல வாங்கித் தரச் சொல்லி உத்தரவு போடுங்க. இப்பவே எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துக்கிறோம். நன்றி, வணக்கம்.