எழுபது வருஷத்துக் காத்திருப்பு

கிறிஸ்துவுக்குள் அன்பான நேயர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பல சபைகளில், கர்த்தர் வாக்குக் கொடுத்த வேதவசனம் ஒன்றை எழுதின வாக்குத்தத்த அட்டைகளைக் கொடுப்பார்கள். ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். அதில் அடிக்கடி வரும் வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குவது. மகளுக்கு வரன் அமையவேண்டும், மகனுக்கு வேலை கிடைக்கவேண்டும், ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடியாக வரவேண்டும் என்று காத்திருக்கிற எத்தனையோ பேர் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள். பிடித்துக்கொள்ளவேண்டிய வசனம்தான். ஆனால் ஜூன், ஜூலை வருவதற்குள் சிலர் சோர்ந்துபோகிறார்கள். வாக்குத்தத்தம் வந்ததே, இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே என்று மனம் உடைகிறார்கள். அவர்களோடுதான் இன்று பேச ஆசைப்படுகிறேன்.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. கி.மு. 597 வாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜாவாகிய எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போனான். அவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதி அனுப்பின கடிதம்தான் 29ஆம் அதிகாரம். நம் அட்டையில் இருப்பது 11ஆம் வசனம். அதற்கு மேலே, 10ஆம் வசனத்தில், எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார். கடிதத்தைக் கேட்டபோது நாற்பது வயதில் இருந்த ஒரு தகப்பன், தன் ஊரை இனி பார்க்கப்போவதில்லை என்று அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பான்.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக அறிவிக்கிறான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். யாருக்குத்தான் அது பிடிக்காது? எரேமியாவே முதலில் "ஆமென்" என்றுதான் சொல்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அந்த வார்த்தையைக் கர்த்தர் சொல்லவில்லை. இன்றைக்கும் இரண்டு வருஷச் செய்திக்குக் கூட்டம் கூடுகிறது. எழுபது வருஷச் செய்தியை உட்கார்ந்து கேட்கப் பொறுமை வேண்டியிருக்கிறது.

சரி, எழுபது வருஷம் என்ன செய்வது? அதையும் கடிதம் சொல்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். அனனியாவை நம்பினவன் மரக்கன்று நட்டிருக்கமாட்டான். அடுத்த வருஷம் கிளம்பப்போகிறவன் எதற்கு நடவேண்டும்? அதற்கு மேல் 7ஆம் வசனம்: சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள். இந்த அதிகாரத்திலேயே கடினமான வசனம் இதுதான் என்று நினைக்கிறேன். 137ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள்; பாபிலோனை நினைத்து அவர்கள் வயிறு எரிந்தது தெரியும். அந்த ஊருக்காகத்தான் ஜெபிக்கவேண்டுமாம்! தூர தேசத்தில் ஒரே அறையில் பலரோடு தங்கி வேலை பார்க்கிற சகோதரர்கள், பிடிக்காத அலுவலகத்துக்குத் தினமும் போய்வருகிற சகோதரிகள் இந்த வசனத்தின் பாரத்தை அறிவார்கள். விசுவாசம் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் வேர் பிடிக்கிறது.

அப்படி வேர் பிடித்த ஒருவரை வேதம் நமக்குக் காட்டுகிறது. தானியேல் வாலிபனாக பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர். வயதான காலத்தில், எரேமியாவின் இதே எழுபது வருஷத்தைப் புஸ்தகங்களில் வாசித்து அறிந்துகொண்டதாகத் தானியேல் 9ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். காலம் நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. உபவாசித்து, இரட்டு என்கிற சாக்குத்துணியை உடுத்தி, தன் ஜனத்தின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்டு ஜெபித்தார். 6ஆம் அதிகாரத்தில், ராஜாவைத் தவிர வேறு யாரிடத்திலும் ஜெபிக்கிறவனைச் சிங்கக்கெபியில், அதாவது சிங்கங்களின் குகையில், போடும் சட்டம் வந்தபோது, "முன் செய்துவந்தபடியே" தினமும் மூன்று வேளை முழங்காற்படியிட்டார் என்று வாசிக்கிறோம். ஆபத்து வந்த பிறகு அவர் ஜெபிக்கப் பழகவில்லை. எத்தனையோ சாதாரண நாட்களில் பழகினது அன்றைக்குக் கைகொடுத்தது. அவர் எருசலேமுக்குத் திரும்பிப்போனதாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் பலகணியை, அதாவது ஜன்னலை, எருசலேமுக்கு நேராகத் திறந்தே வைத்திருந்தார்.

உங்கள் வீட்டில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருந்தால், அந்த வசனம் வருகிற அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். யாரிடத்தில், எந்த நிலைமையில் அது சொல்லப்பட்டது என்று பாருங்கள். இன்று இரவு குடும்ப ஜெபத்தில் எரேமியா 28, 29 அதிகாரங்களைச் சத்தமாக வாசிக்கலாம். பிள்ளைகளும் ஆளுக்குக் கொஞ்சம் வாசிக்கட்டும். ஜெபிக்க மனமே வராத நாளிலும் உட்காருங்கள். அப்புறம், நீங்கள் இருக்கிற தெருவை, பக்கத்து வீட்டாரை, உங்களுக்கு ஆகாதவர்களையும் பேர் சொல்லி ஜெபியுங்கள். கர்த்தர் உங்களோடிருப்பாராக. வணக்கம்.