மீன் எண்ணெய், ஆஸ்பிரின், பழைய சோறு: குடல் புற்றுநோயில எது எந்த ஏற்பியைத் தொடுது?

இந்தக் கேள்வியை மலேசியா பினாங்கு, புக்கிட் மெர்தாஜாம்லேருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. அப்பாவுக்கு 58 வயசு, பெருங்குடல் புற்றுநோய், மூணாவது கட்டம், போன மாசம் ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. "கொழுப்பு அமிலம் செல்லுக்கு சிக்னல் கொடுக்குதுன்னு சொன்னீங்களே, அப்பாவுக்குக் கொழுப்பையே நிறுத்திடணுமா? மீன் எண்ணெய் மாத்திரையும் கார்டிபிரினும் (ஆஸ்பிரின் மாத்திரை) சேர்த்துக் கொடுக்கலாமா?"ன்னு கேட்கிறாங்க.

நிறுத்தாதீங்கம்மா. ஆபரேஷன் ஆன உடம்பு எடை குறையக் கூடாது. கொழுப்பு அமிலம் நேரா போய் செல்லைக் கெடுக்கிறதில்ல. அது எதுவா மாறுது, மாறினது எந்த ஏற்பியில (செல்லுல சிக்னலை வாங்குற புரதம்) போய் உட்காருது, அந்த ஏற்பி அங்க இன்னும் இருக்கா, இந்த மூணையும் பார்த்தாதான் மாத்திரைக்கே பதில் சொல்ல முடியும்.

செல் சவ்வுல அராகிடோனிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு. 20 கார்பன், 4 இரட்டைப் பிணைப்பு. காக்ஸ்-2ங்கிற நொதி அதைப் பிடிச்சு மாத்த ஆரம்பிக்கும், கடைசியில புரோஸ்டாகிளாண்டின் ஈ2 வரும். நல்ல குடல் செல்லுல காக்ஸ்-2 ரொம்பக் கம்மி, பெரும்பாலான குடல் புற்றுக் கட்டியில அது ஏறியிருக்கும். இதோட இன்னொரு வேலையும் நடக்குது: இந்த ஈ2வை உடைச்சுப் போடுற 15-பிஜிடிஹெச்ங்கிற நொதி கட்டியில குறைஞ்சிடுது. உற்பத்தி ஏறுது, உடைக்கிறது குறையுது. அதனாலதான் அளவு அவ்வளவு கூடுது.

இந்த ஈ2வுக்கு நாலு ஏற்பி, ஈபி1லேருந்து ஈபி4 வரைக்கும். இங்க முக்கியம் ஈபி2வும் ஈபி4உம். ரெண்டும் செல்லுக்குள்ள சிக்னலைக் கடத்துற சைக்ளிக் ஏஎம்பிங்கிற மூலக்கூறைக் கூட்டும். ஈபி2 வழியா பீட்டா கேட்டனின்ங்கிற புரதம் அழியாமத் தங்கி, செல்லோட உட்கருவுக்குள்ள போய் 'பிரி, பிரி'ன்னு மரபணுக்களை முடுக்கிவிடும். பல குடல் புற்றுல ஏபிசி மரபணு ஏற்கனவே கெட்டிருக்கும், அதாவது பீட்டா கேட்டனினுக்கு இருந்த பிரேக் போயிருக்கும். அதுக்கு மேல இது வேற. ஈபி4, செல்லை வளரச் சொல்ற பிஐ3கேங்கிற சிக்னல் பாதையையும் தட்டிவிடும், பக்கத்துல இருக்கிற நோய் எதிர்ப்புச் செல்லையும் அடக்கி வைக்கும். பிஐ3கேங்கிற பேரை மனசுல வச்சுக்குங்க, கடைசியில அதுதான் உதவும்.

அப்போ காக்ஸ்-2வை மட்டும் அடைக்கிற மாத்திரை போட்டா முடிஞ்சதேன்னு தோணும். செஞ்சு பார்த்தாங்க. ரோஃபெகாக்சிப்னு ஒரு மருந்து, குடல் பாலிப் (குடல் சுவர்ல வளர்ற சின்னக் கட்டி) வந்தவங்ககிட்ட சோதிக்கும்போதே மாரடைப்பும் பக்கவாதமும் கூடினது தெரிஞ்சு, 2004ல சந்தையிலேருந்தே எடுத்துட்டாங்க.

மீன் எண்ணெய்க்கு வருவோம். அதுல இருக்கிற இபிஏவுக்கும் 20 கார்பன்தான், இரட்டைப் பிணைப்பு மட்டும் 5. அதே நொதிக்குப் போட்டி போட்டு ஈ3யா மாறும், ஈ3 ஏற்பியில உட்கார்ந்தாலும் தள்ளு பலவீனம். தத்துவம் சரிதான். ஆனா இங்கிலாந்துல சீஃபுட்னு பேர் வச்ச ஒரு சோதனையில பாலிப் வந்தவங்களுக்கு நாளுக்கு 2 கிராம் இபிஏ கொடுத்தாங்க. 2018ல முடிவு வந்தது, திரும்பப் பாலிப் வந்தவங்க விகிதம் குறையல. சிலருக்கு எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் குறைஞ்சது. பார்மசியில கிடைக்கிற சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில இபிஏ 180தான். 2 கிராமுக்கு 11 மாத்திரை! அந்தக் காசுக்கு வாரம் ரெண்டு தடவை கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) வாங்கிக் குழம்பு வைங்க.

இப்போ நல்ல பக்கம். நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா புளிக்க வச்சு பியூட்டிரேட்னு நாலு கார்பன் கொழுப்பு அமிலம் தரும். நல்ல குடல் செல்லுக்கு அதுதான் பிரதான எரிபொருள். ஜிபிஆர்109ஏங்கிற ஏற்பியில உட்கார்ந்து அழற்சியையும் அடக்கும். இந்த ஏற்பிக்கு மில்லிமோலார் அளவு வேணும். ரத்தத்துல அவ்வளவு இருக்காது, குடலுக்குள்ளதான் இருக்கும். அதனால பியூட்டிரேட் மாத்திரையை நான் சொல்லமாட்டேன், நிறைய மேல் குடல்லயே உறிஞ்சிடும். பருப்பு, கொய்யா, தெம்பே, கீரைன்னு நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார் போகட்டும். பழைய சோறும் நல்லதுதான், ஆனா பாக்டீரியா புளிக்க வைக்கிற செரிக்காத மாவுச்சத்து ஒரு கிண்ணத்துல சில கிராம்தான் வரும்.

ஆனா முழுசா வளர்ந்த கட்டியில இந்த ஜிபிஆர்109ஏ மரபணுவை, மெத்தில்ங்கிற சின்ன வேதிக்குழு ஒட்டி, வேலை செய்யாம மூடியிருக்கும். கூப்பிடுறவன் இருக்கான், கேட்கிறவன் இல்ல. அதனால நார்ச்சத்தைத் தடுப்பாப் பாருங்க, சிகிச்சையா நினைக்காதீங்க. அப்பாவுக்கு இப்பவே திடீர்னு ஏத்தவும் வேண்டாம். குடல் இணைச்ச இடம் வீங்கியிருக்கும், அடைப்பு வரலாம். டாக்டர் சரின்னதும் வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்க. ஸ்டோமா (மலம் வெளியேற வயித்துல வச்ச திறப்பு) இருந்தா காளான், சோளம், நாரான காய் எல்லாம் நல்லா மெல்லணும்.

ஆஸ்பிரின்தான் இதுல உண்மையா பலம் உள்ளது. காக்ஸ் நொதியை நிரந்தரமா ஒட்டி மூடும். லிஞ்ச் குடும்பங்கள்ல (பரம்பரையா குடல் புற்று வர்ற குடும்பங்கள்) நாளுக்கு 600 மில்லிகிராம் ரெண்டு வருஷம் கொடுத்த காப்2 சோதனையில, பத்து வருஷத் தொடர்ச்சியில குடல் புற்று குறைஞ்சது. ஆனா ஆபரேஷன் ஆனவங்க எல்லாருக்கும்? சிங்கப்பூர் முன்னின்று நடத்தின அஸ்கோல்ட் சோதனையில 200 மில்லிகிராம் மூணு வருஷம் கொடுத்தும் நிச்சயமான பலன் தெரியல. நோர்டிக் நாடுகள்ல அலாஸ்கா சோதனையில பிஐ3கே பாதை மரபணு மாறினவங்களை மட்டும் எடுத்து 160 மில்லிகிராம் கொடுத்தாங்க, நோய் திரும்பி வர்றது ஏறக்குறைய பாதியாச்சு.

அதனால கார்டிபிரினை நீங்களாத் தொடங்காதீங்கம்மா. வயித்துப்புண் இருந்தாலோ, ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுத்தாலோ ரத்தக்கசிவு வரலாம், மலம் கறுத்தா உடனே ஆஸ்பத்திரி. ஆபரேஷன்ல எடுத்த கட்டி, பாரஃபின் மெழுகுல பதிச்ச துண்டா பெத்தாலஜியில (திசு சோதனைக்கூடம்) இருக்கும். அதுல பிஐ3கே பாதை மரபணுக்களான பிஐகே3சிஏ, பிஐகே3ஆர்1, பிடென் மூணையும் சோதிக்க முடியுமான்னு புற்றுநோய் நிபுணர்கிட்ட கேளுங்க. அலாஸ்காவுல ஆபரேஷன் ஆகி மூணு மாசத்துக்குள்ள தொடங்கினாங்க, அப்பாவுக்கு ஒரு மாசம் போயிடுச்சு. அடுத்த அப்பாயின்ட்மென்ட்லயே கேட்டுடுங்க.