கறந்த பாலும் காவல் சாவடியும்

(பட்டர்வொர்த் ஆலய மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இன்னொரு நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் டத்தோ அவர்களே, மண்டபத்தோடு மின்விசிறியையும் இலவசமாகக் கொடுத்த ஆலய நிர்வாகத்தினரே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர்களே, பின்கட்டில் தேநீர் கலக்கியபடியே காது கொடுத்துக்கொண்டிருக்கும் மகளிர் பிரிவுத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

அடையாள அட்டை, கைப்பேசி, குப்பைத் தொட்டி. நம் சொந்த விவரங்கள் இந்த மூன்றின் வழியாகத் திருடு போவதைப் பற்றித்தான் பேச்சு.

கறந்த பால் மடி ஏறாது என்பார்கள். மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்திருந்தது 2017இல் தெரியவந்தது. நாட்டின் மக்கள் தொகையே அப்போது மூன்று கோடிச் சொச்சம்தான்! கைப்பேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஐசி எனும் அடையாள அட்டையின் எண் சாகும்வரை அதேதான்.

அந்த 12 இலக்கங்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்; பினாங்குக்காரர் பலருக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். முகநூலில் கேக் படம் போட்டு, பிறந்த வருடத்தையும் ஊரையும் சேர்த்துச் சொல்பவர் எட்டு இலக்கங்களைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். மீதி நான்கு. அதைத்தான் நாம் நகல் எடுத்து ஊரெல்லாம் விநியோகிக்கிறோம்.

நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அட்டைப் படத்தின் குறுக்கே இரண்டு கோடு இழுங்கள். கோடுகளுக்கு நடுவே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று எழுதுங்கள். பலர் ஓரத்து வெள்ளை இடத்தில் எழுதுகிறார்கள். கத்தரித்தால் அது போயிற்று. எழுத்து படத்தின் மேலேயே ஓட வேண்டும், ஆனால் எண்ணை மறைத்தால் கவுண்டரில் வாங்க மாட்டார்கள். அச்சுக் கடைக் கணினியில் வாட்ஸ்அப் திறந்தீர்களா? கடையை விட்டு இறங்குமுன் உங்கள் கைப்பேசியில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதிக்குப் போய் அந்தக் கணினியைத் துண்டியுங்கள். அங்கே இறக்கிய கோப்பையும் அழிக்கச் சொல்லுங்கள். கறந்த பால் மடி ஏறாது.

இப்போது ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். பிறையில் வீடு. ஞாயிற்றுக்கிழமை, பாயான் லெப்பாஸில் மகள் குடியிருக்கும் கொண்டோ அடுக்குமாடிக்கு முறுக்கு டின்னோடு கிளம்புகிறார். வாசல் காவல் சாவடியில் "ஐசி, அங்கிள்" என்று ஒரு கை நீள்கிறது. அட்டை மைலோ டின்னுக்குள் விழுகிறது, இவர் கையில் 14ஆம் எண் பாஸ் வருகிறது. மேலே மீன்கறி, பேரப்பிள்ளைகள், ஒரு குட்டித் தூக்கம். இரவு இறங்கி வந்தால் ஆள் மாறியிருக்கிறார். டின்னைக் கவிழ்த்துத் தேடுகிறார்கள். அடியில் கிடக்கிறது அட்டை. தாத்தா "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். அட்டை திரும்பி வந்ததல்லவா! அதன் முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும் யார் கைப்பேசியில் ஏறின என்பதை யார் கண்டது?

மூன்று மாதம் கழித்துக் கேட்டில் சிவப்புச் சாயம். கடனைக் கேட்டு மிரட்ட ஆலோங், அதாவது உரிமமில்லா வட்டிக்காரன், ஊற்றியது. கூடவே அவன் தொங்கவிட்ட தாளில் இவருடைய ஐசி நகல். யாரோ இவர் பெயரில் கடன் வாங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்கு வந்தவன் தவறி இங்கே ஊற்றிவிட்டான் என்கிறார் தாத்தா. பாட்டி விடுவாரா? "எனக்குத் தெரியாம ஐயாயிரம் வெள்ளி வாங்கி என்னய்யா செஞ்ச? நாலு நம்பர் லாட்டரி எடுத்தியா?" போலீசிடம் புகார் எழுதிவிடலாம். பாட்டியிடம் என்ன எழுதிக் கொடுப்பது? வாங்காத கடனை வாங்கவில்லை என்று எதை வைத்து நிரூபிப்பது? சிரிக்கிறீர்கள். அடுத்த முறை சாவடியில் நிற்கும்போது இந்தப் பாட்டி ஞாபகம் வரட்டும்.

வங்கிக் கடன் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இசிசிரிஸ் என்ற இணையக் கடன் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஆனால் ஆலோங் கணக்கு அதில் வராது. அதனால்தான் பாலைக் கறக்க விடாதீர்கள் என்கிறேன்.

கைப்பேசிக்கு வருவோம். திருமண அழைப்பிதழ் என்று ஏபிகே கோப்பு, அதாவது கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு, வந்தால் திறக்காதீர்கள். அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால், பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் டேக் எண் எதுவானாலும் நேராகத் திருடன் கைக்குப் போகும். பணம் போய்விட்டால் அழ நேரமில்லை. உடனே வங்கியை அல்லது தேசிய மோசடி உதவி மையத்தின் 997ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் மறிக்க வேண்டும். போலீஸ் புகார் அதற்கடுத்து.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். குப்பைத் தொட்டியை இன்னொரு நாள் கிளறலாம். டத்தோ அவர்கள் இருக்கும்போதே ஒரு கோரிக்கை. நம் வட்டாரக் குடியிருப்புகளில் ஐசியைப் பிடித்து வைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். தேசியப் பதிவு விதிகள் அந்த அதிகாரத்தைக் காவலாளிக்குக் கொடுக்கவில்லை. 12 மணி நேரம் நிற்கிற அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை. டின்னை அவர் கையில் கொடுத்த நிர்வாகத்தைச் சொல்கிறேன். வாகன எண், போகும் வீட்டு எண், பெயர், வீட்டுக்காரருக்கு ஒரு போன், இவ்வளவு போதாதா? வந்தவர் பேரும் எண்ணும் எழுதிய பழைய நோட்டுகள் சாவடி மேசைக்கடியில் எத்தனை வருடமாகக் கிடக்கின்றன என்று உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் கேளுங்கள். காவலாளி வற்புறுத்தினால், அட்டையை உங்கள் கையிலேயே பிடித்துக் காட்டிவிட்டுச் சட்டைப்பையில் போடுங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால் மகளை முறுக்கு வாங்கக் கீழே இறங்கி வரச் சொல்லுங்கள்.

வாசலில் தேநீர் மேசைக்கு அருகே மனுப் படிவம் இருக்கிறது. பெயரும் கையெழுத்தும் போதும். ஐசி எண்ணுக்கு அதில் கட்டமே இல்லை.