காய்ச்சல் எந்தத் தெருவில்?

(சேலத்தில் செவிலிய மாணவியரிடையே ஒரு பொதுச் சுகாதார மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நோய்க் கண்காணிப்பு, அதாவது எந்த நோய் எங்கே வருகிறது என்று தொடர்ந்து கவனிப்பது என்றதும் பெரிய திரையும் வரைபடமும்தான் உங்கள் நினைவுக்கு வரும். அதெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தொழிலைக் கற்றது தண்ணீர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்துத்தான்.

நம் ஊரில் பல தெருக்களில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. அதனால் டிரம், சிமெண்ட் தொட்டி என்று பிடித்து வைக்கிறோம். டெங்கு கொசுவுக்கு அதுதானே வேண்டும்! நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தால் பயனில்லை, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். மறுபடி தண்ணீர் பட்டால் பத்து நாளுக்குள் கொசு பறந்துவிடும். காய்ச்சல் எந்தத் தெருவில் என்று தகவல் வந்து நாம் அங்கே போய்ச் சேர, நமக்குள்ள அவகாசமும் அவ்வளவுதான்.

2004-ல் தேசிய நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியபோது தகவல் வாரம் ஒருமுறை படிவத்தில் போகும். சந்தேகத்துக்கு ஒன்று, மருத்துவர் கணிப்புக்கு ஒன்று, ஆய்வக முடிவுக்கு ஒன்று. 2021-ல் எல்லாம் இணையத்துக்கு வந்தது. கண்காணிக்கும் நோய்களின் எண்ணிக்கை 18-லிருந்து 33 ஆனது. வேகம் கூடியது, மறுக்கவில்லை. ஆனால் ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் காய்ச்சலைப் பார்த்த நர்ஸ், சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு வந்து பதிவு செய்தால் என்ன ஆகும்? செல்போன் குறிக்கும் இடத்தை மட்டும் நம்பினால், வரைபடத்தில் காய்ச்சல் அந்த வளைவில் நிற்கும். அங்கே குரங்கைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஊர்ப் பெயரையும் அடையாளத்தையும் கையால் எழுதுங்கள் என்று நான் நச்சரிப்பது அதற்குத்தான்.

கணினி இல்லாத காலத்திலும் இந்த வேலை நடந்தது. 1980-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் நோய் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜானும் அவருடன் இருந்தவர்களும் வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்பு முறையை வகுத்தார்கள். அரசு மருத்துவரும் தனியார் மருத்துவரும் அஞ்சலட்டையில் நோயைக் குறித்து அனுப்புவார்கள். அதற்கு மாதந்தோறும் ஒரு சிறு இதழ் அவர்களுக்கே திரும்பிப் போகும். எனக்கு இந்தத் திரும்பிப் போவதுதான் பெரிய விஷயம். இப்போது நர்ஸ் பதிவு செய்கிறார், சரி. அப்புறம்? அந்தத் தெருவில் புகை அடித்தார்களா, ரத்த முடிவு என்ன வந்தது என்று யாராவது அவருக்குச் சொல்கிறோமா? சொல்லாவிட்டால் அடுத்த மாதம் "காய்ச்சல் இல்லை" என்று தட்டிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே நாளைக்கு நீங்கள் பொறுப்புக்கு வந்ததும், முடிவு வந்த அன்றே அந்த நர்ஸுக்கு ஒரு போன் போடுங்கள். அதற்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம்.